தொட்டறிந்ததைக் கண் அறியுமா? – பேராசிரியர் ரிச்சர்ட் ஹெல்டின் அறுபதாண்டுத் தேடல்

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். உருண்டை எது, சதுரக் கட்டை எது என்பதைக் கையால் தடவிப் பார்த்தே அவர் பிழையின்றிச் சொல்லிவிடுவார். ஒருநாள் அவருக்குப் பார்வை கிடைக்கிறது. அந்த இரண்டு பொருள்களையும் அவர் முன்னுள்ள மேசையில் வைத்து, தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறோம். கண்ணால் பார்த்த மாத்திரத்தில் உருண்டை எது, கட்டை எது என்று அவரால் சொல்ல முடியுமா?

அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த அறிஞர் வில்லியம் மோலினோ 1688ஆம் ஆண்டு இக்கேள்வியை எழுப்பினார். அவருடைய துணைவியார் பார்வையை இழந்தவர். தத்துவ அறிஞர் ஜான் லாக் தமது நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். அன்றுமுதல் ஐரோப்பியச் சிந்தனையாளர் பலரும் இதனை விவாதித்துவந்தனர். முடியும் என்றனர் சிலர். முடியாது என்றனர் வேறு சிலர். ஆனால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புதான் எவருக்கும் எளிதில் கிட்டவில்லை.

ஏறத்தாழ முந்நூற்று இருபது ஆண்டுகளுக்குப் பின், முறையான சோதனையின் வழி இக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. அது கிடைத்த இடம் நம் நாட்டின் தலைநகரான தில்லி. 2011ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ரிச்சர்ட் ஹெல்ட் என்னும் அமெரிக்க உளவியல் பேராசிரியர். அப்போது அவருக்கு வயது 88. கண் எவ்வாறு பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்ற ஒரே வினாவை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த ஓர் ஆசிரியரின் பணி, நம் நாட்டுச் சிறுவர்களின் முன்னிலையில் நிறைவெய்தியது. அந்தப் பயணத்தை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலரின் மாணவர்

ரிச்சர்ட் ஹெல்ட் 1922ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலைக் கல்வி பயின்றபின், ஸ்வார்த்மோர் கல்லூரியில் வுல்ஃப்காங் கோலரிடம் மாணவராகச் சேர்ந்தார். கோலர் ஜெர்மனியில் புகழ்பெற்றிருந்த உளவியல் அறிஞர். நாஜி ஆட்சியின் அடக்குமுறையை ஏற்காமல் 1935இல் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் ஆசிரியரானவர். நாம் காணும் காட்சி தனித்தனிப் புள்ளிகளின் கூட்டல் அன்று, மனம் அதனை ஒரு முழுமையாகவே கொள்கிறது என்பது கோலர் சார்ந்த சிந்தனை மரபின் அடிப்படைக் கொள்கை.

ஆசிரியரிடமிருந்து கேள்வி கேட்கும் முறையைக் கற்ற ஹெல்ட், விடையைத் தம் வழியில் தேடினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1952இல் முனைவர் பட்டம் பெற்றபின், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கத் தொடங்கினார். அவரது பெயரை உலகறியச் செய்த ஆய்வுகள் அங்குதான் உருவாயின.

கோணலாகத் தெரியும் உலகம்

முதன்முறையாக இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். படிக்கட்டில் இறங்கும்போது படி ஓரிடத்தில் தெரியும். கால் வேறிடத்தில் படும். கண்ணாடிக் கடைக்காரர், “நான்கு நாள் போட்டுக்கொண்டு நடங்கள், சரியாகிவிடும்” என்பார். அவ்வாறே சரியாகியும்விடும். கண்ணாடியின் சக்தி மாறவில்லை; கண்ணும் மாறவில்லை. அப்படியானால் சரியானது எது?

இதனைத்தான் ஹெல்ட் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார். முப்பட்டகக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள்கள் இருக்கும் இடத்திலிருந்து சற்று விலகித் தெரியும். அதன் வழியே ஒரு புள்ளியைத் தொட முயன்றால் விரல் தவறிப்போகும். ஆயினும் சிறிது நேரம் அக்கண்ணாடி வழியாகத் தன் கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், குறி மெல்ல மெல்லத் திருந்திவிடும். இதுவரை முன்பே அறியப்பட்டிருந்த செய்திதான்.

ஹெல்டும் அவருடன் பணியாற்றிய ஆலன் ஹெய்னும் இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் தம் கையைத் தாமே அசைத்தனர். மற்றொரு பிரிவினரின் கை ஓய்வாக இருந்தது. அதனைப் பிறர் அசைத்தனர். இரு பிரிவினரின் கண்ணிலும் விழுந்த காட்சி ஒன்றே. ஆனால் தாமே அசைத்தவர்களின் குறி திருந்தியது. பிறரால் அசைக்கப்பட்டவர்களிடம் அத்தகைய திருத்தம் ஏற்படவில்லை. தானே நடந்து சென்றவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்லப்பட்டவரையும் ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தோன்றியது.

எனவே, பார்ப்பது மட்டும் போதாது. “நான் அசைத்தேன், அதனால் காட்சி இவ்வாறு மாறியது” என்னும் தொடர்பு மூளைக்குக் கிடைக்க வேண்டும். வரவையும் செலவையும் பொருத்திப் பார்த்தால்தான் கணக்கு நேர்படும் என்பதைப் போல, செயலையும் அதன் விளைவையும் பொருத்திப் பார்த்தே மூளை தன் பார்வைக் கணக்கை நேர்செய்துகொள்கிறது.

நடந்த குட்டியும் சுமக்கப்பட்ட குட்டியும்

வளர்ந்தவர்கள் ஏற்கெனவே கற்றதைத் திருத்திக்கொள்ள அசைவு தேவை என்றால், முதன்முதலில் கற்பதற்கும் அது தேவையா? இக்கேள்விக்காக ஹெல்டும் ஹெய்னும் செய்த சோதனை 1963இல் வெளியாயிற்று. உளவியல் பாடநூல்களில் இன்றளவும் இடம்பெறும் சோதனை அது.

பிறந்ததுமுதல் இருட்டில் வளர்க்கப்பட்ட பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தனர். உட்சுவரில் கோடுகள் வரையப்பட்ட ஓர் உருளை வடிவ அறையின் நடுவே ராட்டினம் போன்ற அமைப்பு இருந்தது. அதன் ஒரு முனையில் கட்டப்பட்ட குட்டி தன் காலால் நடக்கலாம், திரும்பலாம். மறுமுனையில் தொங்கிய சிறு தொட்டிலில் இன்னொரு குட்டி அமர்ந்திருக்கும். முதற்குட்டி நடக்கும்போதெல்லாம் இரண்டாவது குட்டியும் அதே அளவு சுற்றிவரும். நாள்தோறும் மூன்று மணி நேரம் இது நடந்தது. மற்ற நேரமெல்லாம் இரண்டும் இருட்டிலேயே இருந்தன. இரண்டும் கண்ட காட்சி ஏறத்தாழ ஒன்றே. ஒன்று நடந்து கண்டது. மற்றொன்று சுமக்கப்பட்டுக் கண்டது.

பிறகு இரண்டையும் சோதித்தனர். கண்ணாடிப் பலகையின் ஒரு பக்கம் ஆழமற்றதாகவும் மறுபக்கம் பெரும் பள்ளமாகவும் தோன்றும்படி அமைத்து, நடுவில் குட்டியை விட்டனர். நடந்து வளர்ந்த குட்டிகள் பள்ளத்தைத் தவிர்த்து, ஆழமற்ற பக்கமாகவே இறங்கின. சுமக்கப்பட்ட குட்டிகள் இருபக்கத்தையும் வேறுபடுத்தவில்லை. ஒரு பரப்பை நோக்கித் தாழ்த்தும்போது முன்காலை நீட்டவும் அவை அறியவில்லை. அவற்றின் கண்களில் குறை எதுவும் இல்லை. கண்டதைப் பயன்படுத்தும் அறிவுதான் இல்லை.

இச்சோதனையின் முடிவில் ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. தொட்டிலிலிருந்த குட்டிகளை 48 மணி நேரம் வெளிச்சத்தில் விருப்பம்போல் நடமாட விட்டபின் மீண்டும் சோதித்தனர். அவையும் இயல்பான குட்டிகளைப் போலவே நடந்துகொண்டன. தாமதமாகக் கிடைத்த வாய்ப்பும் வீணாகவில்லை.

ஆசிரியரும் மாணவர்களும்

ஹெல்ட் 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்றார். பொறியியலுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில் ஹான்ஸ் லூகாஸ் டியூபர் என்பவர் உளவியல் துறையைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். 1977இல் டியூபர் மறைந்தபின், துறையின் தலைமைப் பொறுப்பு ஹெல்டிடம் வந்தது. 1986 வரை அவர் அப்பொறுப்பை வகித்தார்.

இக்காலத்தில் அவரது கவனம் பச்சிளங்குழந்தைகளின் பக்கம் திரும்பியது. பேசத் தெரியாத குழந்தையிடம் “எது தெரிகிறது?” என்று கேட்க இயலாது. ஆனால் வெறும் பரப்பையும் கோடுகள் உள்ள பரப்பையும் அருகருகே காட்டினால், குழந்தை கோடுகளையே விரும்பி நோக்கும். கோடுகளை மேலும் மேலும் நெருக்கமாக்கிக்கொண்டே சென்றால், எந்த நிலையில் குழந்தைக்கு வேறுபாடு தெரியவில்லை என்பது புலப்பட்டுவிடும். இத்தகைய முறைகளைக் கொண்டு ஹெல்டும் அவருடைய குழுவினரும் முக்கியமான ஓர் உண்மையைக் கண்டனர். இரு கண்களையும் இணைத்து ஆழத்தைக் காணும் திறன் பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை. ஏறத்தாழ நான்காவது மாதத்தில் அது தோன்றி, சில வாரங்களுக்குள் விரைந்து கூர்மையடைகிறது. மாறுகண் போன்ற குறைகளை ஏன் இளமையிலேயே கவனிக்க வேண்டும் என்பதை இக்கண்டுபிடிப்பு தெளிவாக்கியது.

ஓர் ஆசிரியரின் சேமிப்பு அவருடைய மாணவர்களே. ஹெல்டிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜெரமி வுல்ஃப், ஏராளமான பொருள்களுக்கிடையே நாம் தேடும் ஒன்றைக் கண் எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்பதை ஆராய்ந்தார். எக்ஸ்ரே படத்தில் நோயின் அறிகுறியைத் தேடும் மருத்துவருக்கும், விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சோதிப்பவருக்கும் பயன்படும் ஆய்வு அது. மற்றொரு மாணவரான ஷின்சுகே ஷிமோஜோ கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகிப் புலன்களின் கூட்டுறவை ஆராய்ந்தார். விதைத்தவர் ஒருவர், விளைச்சல் பல துறைகளில்.

தில்லியில் ஒரு வாய்ப்பு

1990களில் ஹெல்ட் ஓய்வுபெற்றார். ஆனால் ஆய்விலிருந்து விலகவில்லை. அதே கழகத்தில், தில்லி ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு வந்த பவன் சின்ஹா என்னும் இளம் பேராசிரியர் பார்வை குறித்த ஆய்வில் ஈடுபட்டிருந்தார். இந்தியாவுக்கு வந்திருந்த ஒரு சமயம், கண்புரையால் பார்வையிழந்த ஏழைக் குழந்தைகளைச் சின்ஹா கண்டார். அறுவைச் சிகிச்சையால் நீக்கக்கூடிய குறையுடன், பிறந்ததுமுதல் இருளிலேயே அவர்கள் வளர்ந்துகொண்டிருந்தனர். வசதியுள்ள நாடுகளில் இத்தகைய குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களுக்குள் சிகிச்சை நடந்துவிடும். இங்கோ வறுமையாலும் விவரம் அறியாமையாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

இதிலிருந்து பிறந்ததே ‘பிரகாஷ்’ திட்டம். வடமொழியில் ஒளி என்று பொருள். சிற்றூர்களுக்குச் சென்று பார்வையற்ற குழந்தைகளைக் கண்டறிவது, தில்லியிலுள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது, சிகிச்சைக்குப்பின் அவர்களின் பார்வை எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்வது ஆகியவை இத்திட்டத்தின் பணிகள். தொண்டும் ஆய்வும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முயற்சி இது.

இதற்கு ஒரு தடையும் இருந்தது. குழந்தைப் பருவத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் கண்ணுக்குக் காட்சி கிடைக்காவிட்டால், மூளையின் பார்வைப் பகுதி சரிவர வளராது என்பதை ஹியூபல், வீசல் ஆகிய அறிஞர்கள் பூனைக்குட்டிகளைக் கொண்டு நிறுவியிருந்தனர். 1981இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆகவே வயது கடந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்து பயனில்லை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பிரகாஷ் திட்டத்தின் குழந்தைகள் இவ்வெண்ணத்தையும் சோதனைக்கு உள்ளாக்கினர்.

விடை

மோலினோவின் கேள்விக்கு விடை காண ஹெல்ட், சின்ஹா முதலியோர் ஐந்து பேரைத் தேர்ந்தனர். 8 வயதுமுதல் 17 வயதுவரை உள்ள அவர்களில் நால்வருக்குப் பிறவிக் கண்புரை. ஒருவருக்குக் கருவிழி மங்கல். சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதனை நடத்தப்பட்டது. குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளைப் போன்ற வடிவங்கள் இருபது இணைகளாக ஆயத்தம் செய்யப்பட்டன. புதிதாகப் பார்ப்பவருக்கும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அவை பெரியவை.

முதலில் ஒரு வடிவத்தைத் தொட்டு, பின்னர் இரண்டைத் தொட்டு, முன்பு தொட்டது எது என்று சொல்ல வேண்டும். சராசரியாக 98 விழுக்காடு சரியான விடை வந்தது. அடுத்து, ஒன்றைக் கண்ணால் பார்த்து, பின்னர் இரண்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் 92 விழுக்காடு. கையும் நன்றாக அறிகிறது. கண்ணும் நன்றாகவே வேறுபடுத்துகிறது.

மூன்றாவதுதான் மோலினோவின் சோதனை. ஒன்றைக் கையால் தொட்டறிந்து, பின்னர் இரண்டைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். விடை 58 விழுக்காடாகச் சரிந்தது. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐம்பது விழுக்காடு சரியாக வரும். ஆக, தொட்டறிந்ததைக் கண் அறியவில்லை. மோலினோவின் கேள்விக்கு விடை, “முடியாது” என்பதே.

ஆனால் அத்துடன் முடியவில்லை. சோதனையைத் திரும்பச் செய்ய இயன்ற மூவரைப் பின்னர் மீண்டும் சோதித்தனர். இடையில் எவரும் அவர்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்கவில்லை. வீட்டில் எடுத்தும் வைத்தும், நடந்தும் தடவியும் வழக்கமாக வாழ்ந்தனர், அவ்வளவே. அதற்குள் அவர்களின் சரியான விடைகள் 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. ஒருவருக்கு இதற்கு ஐந்து நாள்களே போதுமாயிருந்தன.

தொட்டிலிலிருந்து இறங்கி நடந்த பூனைக்குட்டிகளைப் பற்றி ஹெல்ட் எழுதி, அப்போது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கண்ணும் கையும் பிறவியிலேயே ஒருவரையொருவர் அறிந்தவை அல்ல. ஆயினும் சேர்ந்து உழைக்கும் வாய்ப்பு கிடைத்தால் விரைவில் உறவாகிவிடுகின்றன என்பதை அச்சிறுவர்கள் காட்டினர்.

பிரகாஷ் திட்டத்தின் பிற ஆய்வுகளிலும் இதே உண்மை வெளிப்பட்டது. புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கு அசையாத படத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவங்கள் துண்டுதுண்டாகவே தெரிகின்றன. அதே வடிவம் அசையத் தொடங்கினால், “இது ஒரு பொருள்” என்று புரிந்துகொள்கின்றனர். தாமதமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பார்வையின் கூர்மை முழுமையாகத் திரும்புவதில்லை என்பது உண்மையே. எனினும் நடக்கவும், முகமறியவும், பள்ளி செல்லவும் உதவும் பார்வை வளர்கிறது. “காலம் கடந்துவிட்டது” என்று கைவிடப்பட்டிருந்த குழந்தைகளுக்கு இது மிகப்பெரிய செய்தி.

நம் கையிலுள்ள நோட்டு

கையும் கண்ணும் கூடிச் செய்யும் வேலையை வங்கியின் பணக் கவுண்ட்டரில் நாள்தோறும் காணலாம். அனுபவமுள்ள காசாளர் ஒரு கள்ளநோட்டைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பதில்லை. கட்டை எண்ணிக்கொண்டு போகையிலேயே விரல் ஓரிடத்தில் தயங்கும்; அதன்பின்புதான் கண் உற்றுப் பார்க்கும்.

வாசகர்களும் தங்களிடமுள்ள 500 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்க்கலாம். ஐந்து சாய்கோடுகள் மேடாகத் தட்டுப்படும். முகப்பின் வலப்புறத்தில் ஒரு வட்டமும் உண்டு. 100 ரூபாய் நோட்டில் நான்கு கோடுகளும் முக்கோணமும் இருக்கும். பார்வையற்றவர்கள் தொட்டு அறிவதற்காக ரிசர்வ் வங்கி அமைத்த அடையாளங்கள் இவை. நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியையும் ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பாதுகாப்புப் பெட்டகம் உள்ளிட்ட சேவைகளைப் பார்வையற்ற வாடிக்கையாளர்களுக்கு எவ்விதப் பாகுபாடுமின்றி வழங்க வேண்டும் என்பது 2008இலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் இட்ட ஆணை. தங்கள் உறவினரிலோ அண்டை வீட்டாரிலோ இதனை அறியாதவர் இருப்பின், அன்புகூர்ந்து எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

பெற்றோர் கவனத்திற்கு

ஹெல்டின் ஆய்வுகள் இல்லங்களுக்குச் சொல்லும் பாடங்கள் இரண்டு. முதலாவது, காலத்தின் அருமை. குழந்தையின் கண்பாவையில் வெண்மை தெரிந்தாலோ, மூன்று மாதமாகியும் தாயின் முகத்தை நோக்காவிட்டாலோ, விழிகள் நிலையின்றி அலைந்தாலோ, “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திராமல் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருவுற்ற காலத்தில் தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா தொற்று, குழந்தையின் பிறவிக் கண்புரைக்கு ஒரு காரணம். அதனைத் தடுக்கும் ஊசி நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கிறது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறவிக் கண்புரையைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை அளிக்கவும் வழி உண்டு.

இரண்டாவது பாடம், நலமான கண்களையுடைய குழந்தைகளுக்கும் உரியது. கைப்பேசித் திரையில் ஆயிரம் காட்சிகள் ஓடினாலும், அதன்முன் அசையாதிருக்கும் குழந்தை, தொட்டிலில் சுமக்கப்பட்ட குட்டியை நினைவூட்டுகிறது. மண்ணில் அளைந்தும், பாத்திரங்களை உருட்டியும், பந்தைத் துரத்தியும் விளையாடும் குழந்தையின் கண் கூடவே கற்றுக்கொண்டிருக்கிறது. அதனைத் தடுக்காதிருப்பதே நாம் செய்யும் நல்லுதவி.

ரிச்சர்ட் ஹெல்ட் 2016ஆம் ஆண்டு தமது 94ஆம் வயதில் காலமானார். இளமையில் எழுப்பிய கேள்வியை முதுமையிலும் கைவிடாதிருந்தவர் அவர். நம் நாட்டில் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் குழந்தைகள் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரையேனும் உரிய காலத்தில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்க இக்கட்டுரை உதவுமானால், அந்த முதிய ஆசிரியரின் உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.